வலது பக்கத்துச் சத்தம்

கன்னியப்பன் இறந்த செய்தி எனக்கு வாட்ஸப்பில்தான் வந்தது. ஒரு வேனின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து ஹாரன் வயரைத் தேடிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், எங்கள் மெக்கானிக் சங்கத்துக் குழுவில் அவருடைய படம். ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்றவரின் தோள் பாதி தெரிந்தது. அடியில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று ஒரு வரி, அதன் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக. நடுவில் ஒருவர் பழைய கியர்பாக்ஸ் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகப் போட்டிருந்தார். அதற்கும் இரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

காலையில் நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு மெதுவாக வருகிறேன் என்று எனக்குப் போன் செய்திருந்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ‘வாகன மருத்துவர்’ என்று பட்டம் வேறு. கீழே கண்ணீருடன் என்று போட்டு, நம் ஊரில் பட்டறை வைத்திருப்பவர்களின் பெயர்கள் எல்லாம் இருந்தன. அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெயர்க்காரர்களும் படிக்கட்டும்.

நான் வயரிங் வேலை பார்ப்பவன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி கன்னியப்பனுக்கு. அவர் பார்த்தது வண்டிக்கு அடியில் இருக்கிற வேலை: ஆக்சில், ஸ்டியரிங், சஸ்பென்ஷன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், சண்டை போடும்போதும்.

தங்கமான மனிதர் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவருக்கு வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கி, அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காக்கிக்கு மாறுவார். வாடிக்கையாளரின் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் உள்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தலை வாரிக்கொள்வார். கண்ணாடியை ஏன் திருப்பினீர்கள் என்று ஒரு முறை ஒருவர் கோபித்துக்கொண்டார். வண்டியைப் பார்க்க வந்தவர் கண்ணாடிக்கு ஏன் அழுகிறீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டார். அந்த ஆள் மறுபடி வரவே இல்லை. அதற்காக இவர் வருத்தப்பட்டதும் இல்லை.

ஆனால் காது இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்தவர் ஒருவர் ஒரு நாள் காரைக் கொண்டுவந்தார். திரும்பும்போது முன்பக்கம் சத்தம். அதற்குள் வேறு பட்டறைகளில் வீல் பேரிங் மாற்றி, டயர் மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்தாகிவிட்டது. சத்தம் அப்படியே இருந்தது. கன்னியப்பன் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்கு வண்டியை எடுத்துப் போனார். வேண்டாம் என்றாலும் என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்; அவருக்குப் பார்க்க ஆள் வேண்டும். நேராக ஓட்டினார், சத்தம் இல்லை. ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக உருட்டினார். டக், டக், டக் என்று இரும்பு இரும்பில் தட்டுகிற சத்தம். வேகம் கூடக் கூட சத்தமும் நெருங்கி வந்தது.

கொட்டகைக்கு வந்து ஜாக்கியில் தூக்கினார். இஞ்சினின் சுற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற தண்டுதான் ஆக்சில். சக்கரம் திரும்பினாலும் குலுங்கினாலும் சுற்றுவது நிற்கக் கூடாது என்பதற்காக அதன் முனையில் ஒரு மூட்டு இருக்கும். சிவி ஜாயிண்ட் என்போம். ஒரு கிண்ணத்துக்குள் எஃகுக் குண்டுகள், அவற்றைப் பிடித்து வைக்க ஒரு கூண்டு, முழுக்க கிரீஸ், அத்தனையையும் மூடி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. அந்த வண்டியில் இடது பக்கத்து உறை கிழிந்திருந்தது. உள்ளே இருந்த கிரீஸ் சக்கரத்தின் உள்வட்டம் முழுக்கச் சிதறி, அதன் மேல் செம்மண் படிந்திருந்தது. மிச்சமிருந்த கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு மண்டிக்காரரின் கையைப் பிடித்து அவர் விரலிலும் தடவினார்.

“நரநரன்னு இருக்குதா? மண்ணு உள்ள பூந்துட்டா அப்புறம் ஜாயிண்ட் கிடையாது, அம்மிதான். இதுவரைக்கும் நீங்க கழட்டிப் போட்டதெல்லாம் நல்ல சாமான்” என்றார்.

புது ஆக்சில் போட்டார், சத்தம் நின்றது. மண்டிக்காரர் ஊரெல்லாம் சொன்னார். கன்னியப்பனும் ஊரெல்லாம் சொன்னார்.

இந்தப் பெயர் வந்த பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார். முன்பக்கம் சத்தம் என்று யார் வந்தாலும், “மலை எந்தப் பக்கம் இருக்கு?” என்பார். வந்தவர் முழிப்பார். பிறகு இவரே விளக்குவார். நம் ஊர் டாக்சிகள் எல்லாம் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றுகிறவை. மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். அப்படியானால் வண்டி ஆயுசு முழுக்க வலப்பக்கமே திரும்புகிறது. வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தில் விழும். ஆகவே இந்த ஊரில் இடது ஜாயிண்ட்தான் முதலில் போகும். இது உண்மைதானா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கிரிவலப் பாதையில் பாதி இடத்தில் வளைவு இருப்பதே தெரியாது. ஆனால் கேட்க நன்றாக இருந்தது. அண்ணாமலையாரையே சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

ஊரில் எல்லாப் பட்டறைகளும் இதைப் பிடித்துக்கொண்டன. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சத்தம் என்றால் இடது பக்கத்தைக் கழற்றுவார்கள், மாற்றுவார்கள், அனுப்புவார்கள். வலது பக்கம் குனிந்து பார்ப்பதுகூடக் கிடையாது. ஸ்பேர்ஸ் கடைக்காரர் இடது ஆக்சிலை அடுக்கடுக்காக வாங்கி வைத்தார். வலது வேண்டுமென்றால் வேலூரிலிருந்து வர வேண்டும். கன்னியப்பன் சொன்னார் என்பதே எல்லோருக்கும் போதுமான காரணமாக இருந்தது.

பிறகு அந்தப் பௌர்ணமி வந்தது. டிராவல்ஸ் வைத்திருக்கும் தனசேகரின் கார் ஒன்றை ஏழுமலை கொண்டுவந்தான். கீழ்பென்னாத்தூர்ப் பையன், கல்யாணம் ஆன புதுசு, நல்ல டிரைவர். வலப்பக்கம் ஒடித்தால் டக் டக் என்று வருகிறது என்றான். கன்னியப்பன் உறையைப் பார்த்தார், இடது கிழிந்திருந்தது. அவருக்கு அது போதும். ஏழுமலை அங்கேயே நின்றான்.

“ரெண்டு பக்கமும் வருதுண்ணா. லெஃப்ட்ல ஒடிச்சா வேற மாதிரி கேக்குது, கம்மியா” என்றான்.

“மலை எந்தப் பக்கம்டா இருக்கு?”

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வண்டி தரையில் நிற்கும்போதே ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டி, சக்கரத்தின் நடுவில் ஆக்சிலைப் பிடித்திருக்கிற ஹப் நட்டைத் தளர்த்தினார். தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி, அடியில் இருக்கிற பால் ஜாயிண்டை விடுவித்து, கியர் ஆயிலை வடித்து, கம்பியால் நெம்பிப் பழைய தண்டை உருவினார். புது ஆயில் சீல் அடித்து, புது ஆக்சிலைக் கியர்பாக்சுக்குள் ‘டிக்’ என்று உட்காரும் வரை தள்ளினார். கடைசியில் நட்டை இறுக்கி, அதன் விளிம்பை உளியால் தட்டி மடக்கினார். ஆனால் ஏழுமலை சொன்னது உள்ளே அரித்திருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டே தனசேகருக்குப் போன் போட்டார். வண்டி காலை வரை நிற்கட்டும், வலது பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றார்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. தனசேகர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

“பெங்களூர் பார்ட்டி ஸ்டேஷன்ல நிக்கிறாங்க. நம்ம ஊர்ல லெஃப்ட்தானே போகும்? நீங்க சொன்னதுதானேங்க அது. மாத்தியாச்சுல்ல, விடுங்க.”

தன் வாயால் சொன்னதைத் தானே இல்லை என்று எப்படிச் சொல்வது? கன்னியப்பனுக்கு அது வராது. என்னைப் பார்த்தார், ஏழுமலையைப் பார்த்தார், சரி எடுத்துப் போகட்டும் என்றார். வழக்கமாக ஓட்டிப் பார்க்கிற மைதானத்தில் அன்று பௌர்ணமிக்கான தற்காலிகப் பேருந்து நிலையம். பேருந்துகள் நெருக்கி நின்றன. தெருவிலேயே வலப்பக்கம் ஒரு திருப்பு திருப்பினார். சத்தம் இல்லை. சாவியை ஏழுமலையிடம் கொடுத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஏழுமலை பெங்களூர்க்காரர்களை லாட்ஜில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தான். குறுக்குத் தெருவிலிருந்து பெரிய ரோட்டுக்கு இடப்பக்கம் ஒடித்து ஏறும்போது வலது ஜாயிண்ட் உடைந்தது. இஞ்சின் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை. வண்டி பாதி ரோட்டில் நின்றுவிட்டது. வந்த லாரி பிரேக் போட்டும் நிற்காமல் டிரைவர் பக்கம் மோதியது. ஆஸ்பத்திரியில் ஏழுமலையின் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள்.

மறுநாள் கன்னியப்பன் நொறுங்கிய வண்டிக்கு அடியில் படுத்து வலது பக்கத்தைப் பார்த்தார். உறை உள்பக்கமாகக் கிழிந்திருந்தது. குனிந்தால் தெரியாது, படுத்தால் தெரியும். கூண்டு இரண்டாக உடைந்திருந்தது, ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. அன்றைக்குத் தலை கலைந்தே இருந்தது.

சங்கம் கூட்டம் போட்டது. டீக்கடை மாடியில் இருக்கிற அந்த அறை உங்களுக்குத் தெரியும். தனசேகரும் வந்திருந்தார். கன்னியப்பன் பேச்சை நம்பி ஏமாந்துவிட்டேன் என்றார். கன்னியப்பன் வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்றார்.

“லெஃப்ட்ட மாத்தினேன். ரைட்டப் பாக்கல. புள்ள சொன்னான், காதுல போட்டுக்கல. தப்பு என்னுது” என்றார். பிறகு எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். “ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்கெல்லாம் எந்தப் பக்கம் பாக்கறீங்க?”

சங்கத் தலைவர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: “ரெண்டு பக்கமும்தான் பாப்போம். மலை கிலைன்னு சொல்றதெல்லாம் உன் கதைப்பா.”

அறையில் இருந்த அத்தனை தலைகளும் ஆடின. அந்த வாரம்கூட இடது பக்கத்தை மட்டும் மாற்றி வண்டி அனுப்பியவர்கள் தலையாட்டினார்கள். நான் எழுந்து, அப்படியானால் ஸ்பேர்ஸ் கடையில் வலது ஆக்சில் ஒன்றுகூட இல்லையே, ஏன் என்று கேட்டேன். வயரிங் பார்க்கிறவனுக்கு ஆக்சிலில் என்ன வேலை என்றார்கள். நான் கன்னியப்பனைப் பார்த்தேன், ஏதாவது சொல்வார் என்று. உள்கண்ணாடிக்காக வாடிக்கையாளரிடம் சண்டை போட்டவர், அங்கே வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். செத்துப் போய்விட்டார் என்பதால் அது குறைந்துவிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் வேறு மாதிரி ஆனார். எந்த வண்டி வந்தாலும், ஹெட்லைட் பல்புக்காக என்னிடம் வந்த வண்டியானாலும், மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் முழுக்க, அந்தப் பக்கம் முழுக்க. இவர் நடுவில் நின்று கண்ணை மூடிக் கேட்பார். லைசென்ஸ் வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று, மறுபடியும் எட்டுப் போடச் சொல்கிறாரே என்று சிரித்தார்கள், பிறகு எரிச்சல்பட்டார்கள், பிறகு வரவில்லை. சத்தம் கேட்டுவிட்டால் சாவியைத் தர மாட்டார். கல்யாணம், ஆஸ்பத்திரி, பௌர்ணமி, எதைச் சொன்னாலும் “முடியாது” என்பார். காரணம் சொல்வதும் இல்லை. அவரைவிட்டுப் போனவர்கள் மற்ற பட்டறைகளுக்குப் போனார்கள். அங்கே இடது பக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டினார்கள். கடைசி வருஷங்களில் கொட்டகையின் அவர் பாதி பெரும்பாலும் காலியாகத்தான் கிடந்தது. எனக்கு வந்த வண்டிகளும் குறைந்தன. அதைப் பற்றி ஒரு வார்த்தை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஏழுமலையைப் பார்க்க அவ்வப்போது கீழ்பென்னாத்தூருக்குப் பேருந்தில் போய்வருவார். ஏழுமலையின் மனைவி தண்ணீர் கொடுப்பாள். ஏழுமலை அறையைவிட்டு வெளியே வர மாட்டான். கடைசியாகப் போனபோது கதவுக்கு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்ததாம். “நான் சொன்னேன்லண்ணா. ரெண்டு பக்கமும்னு சொன்னேன்ல.” இதை ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். அப்புறம் அவர் அங்கே போகவில்லை.

அவர் போய்விட்டார் என்று ஏழுமலைக்கு நான்தான் போன் செய்தேன். பின்னால் குழந்தை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் வரலண்ணா. மனசு வரல” என்றான். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். “அவரப் பத்தி எதனா எழுதினா என் காலையும் சேத்து எழுதுங்க. பிளெக்ஸ்ல அது வராது.”

அடக்கத்துக்கு எல்லோரும் வந்தார்கள். சங்கத் தலைவர் வந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனசேகர் பெரிய ரோஜா மாலை கொண்டுவந்து போட்டார். அண்ணியிடம், இவரைப் போல ஒரு மெக்கானிக் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்றார். அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்; சாவு வீட்டில் சண்டை போடக் கூடாது.

எல்லாம் முடிந்து, தனசேகர் தன் காரைத் தெருமுனையில் இடப்பக்கம் ஒடித்தார். டக், டக், டக்.

என் கால்கள்தான் முதலில் ஓடின. வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். கண்ணாடியை இறக்கி என்னவென்று கேட்டார். வலது ஜாயிண்ட் போய்விட்டது, இறங்குங்கள் என்றேன்.

“அது ஒண்ணும் இல்லங்க. போன மாசம்தான் லெஃப்ட் மாத்தினோம்” என்றார் தனசேகர்.

சாவு வீட்டு வாசலில் நின்று இதைச் சொன்னார். எதைச் சொல்லிக் கன்னியப்பனை ஊருக்கு முன்னால் அசிங்கப்படுத்தினார்களோ, அதையே இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். நான் கையை உள்ளே விட்டு இஞ்சினை அணைத்துச் சாவியை உருவினேன். அவர் கத்தினார். அவரை இறக்கிவிட்டு, மைதானத்துக்கு ஓட்டிப் போய் எட்டுப் போட்டேன். இடப்பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் கேட்டது. கொட்டகையில் நிறுத்தி, அடியில் படுத்துப் பார்த்தேன். வலது உறை உள்பக்கமாகக் கிழிந்திருந்தது. அங்கிருந்தே ஸ்பேர்ஸ் கடைக்குப் போன் போட்டு வலது ஆக்சில் கேட்டேன்.

“ரைட்டா? ரைட் ஸ்டாக் இல்லியேண்ணா. லெஃப்ட் எத்தினி வேணும்னாலும் இருக்கு.”

வேலூரிலிருந்து இன்னும் வரவில்லை. வண்டி கன்னியப்பனின் பாதியில் ஜாக்கி ஸ்டாண்டில் நிற்கிறது. வந்ததும் போட்டுத் தர வேறு பட்டறையிலிருந்து ஆளைக் கூப்பிட வேண்டும். போட்ட பிறகு எட்டு நான்தான் போட்டுப் பார்ப்பேன். பௌர்ணமி வருகிறது. தனசேகர் காலையிலிருந்து விடாமல் போன் செய்துகொண்டிருக்கிறார். கடைசியாகப் பேசும்போது குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு சுற்று போய்விட்டு வந்து நிறுத்திவிடுகிறேன், மலையைச் சுற்றும்போது சத்தமே வருவதில்லை என்றார். வராதுதான். வலப்பக்கமே திரும்புகிற பாதையில் வலது ஜாயிண்ட் வாயைத் திறக்காது.

கன்னியப்பனின் வெள்ளைச் சட்டை ஒன்று ஆணியில் தொங்குகிறது. அண்ணி வந்து எடுத்துப் போவார். அவருடைய காது எனக்கு இல்லை, கைவேலை எனக்கு வராது, அந்த வாயும் வேண்டாம். அந்தப் பௌர்ணமியன்று இதே ஆளிடம் அவர் சொல்லாமல் விட்டு, பிறகு சாகும் வரை எல்லோரிடமும் சொன்ன ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். தனசேகரிடம் “முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது.

ஏழுமலை, உன் காலையும் சேர்த்து எழுதிவிட்டேன்.